நோய் வந்தவரின் கதிரையை எடுத்துவிட வேண்டாம்

ஸ்தேனில் எங்கள் கடதாசி விளையாட்டு திங்கட்கிழமை மாலைகளில்தான் நடந்துவந்தது. எங்களில் பலர் பாரிஸ் உணவகங்களின் குசினிகளில் வேலை செய்தவர்கள். ஞாயிறும் திங்களும் பூட்டும் உணவகங்கள் இங்கு அதிகம். ஞாயிறு கோயில், பிறந்தநாள், சாமத்தியவீடு என்று போய்விடும். மிஞ்சுவது திங்கள். இருபது வருடங்களுக்கு மேலாக அதே நாள், அதே நாலு கதிரை, அதே 304.

பிறகு எங்களில் மூத்தவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்து இரத்தச் சுத்திகரிப்புத் தொடங்கியது. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம். முதல் திங்கள் அவர் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. மூன்றாவது கிழமை தொலைபேசியில், "என்னாலை இனி ஏலாது தம்பி, நீங்கள் வேறை ஆளைப் பிடியுங்கோ" என்றார். நாங்களும் பிடித்தோம். அவருடைய கதிரையில் இன்னொருவர் இருந்தார். மூன்று மாதம் கழித்து, எங்கள் மாடியில் வசிக்கும் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் கேட்டான்: "ஏன் மாமா, விளையாட்டை ஞாயிறுக்கு மாத்தேலாதே?"

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறோம். கணக்குத் தொழிலில், ஓர் இயந்திரம் பழசானால் ஆண்டுதோறும் பெறுமானத் தேய்வு கழிப்போம். ஓடக்கூடிய இயந்திரத்தைத் தூக்கி எறிவதில்லை. ஆனால் முப்பது வருடம் பழகிய மனிதரை, அறவிடமுடியாக் கடனைப் பதிவழிப்பதுபோல மூன்று கிழமையில் பதிவழித்துவிட்டோம். நோய் அவரிடமிருந்து எடுத்தது ஒரு கையின் அசைவையும் கிழமையில் மூன்று நாளையும் மட்டுமே. கதிரையை எடுத்தது நாங்கள்.

நாட்பட்ட நோயோடு வாழ்பவர்கள் தமக்குப் பிடித்த விளையாட்டையும் கைவேலையையும் கலையையும் எப்படி மாற்றி அமைத்துக்கொள்ளலாம், சுற்றியிருப்பவர்கள் எதை மாற்ற வேண்டும், பிரான்சில் இதற்கு என்ன வழிகள் உண்டு என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மருந்துக்கு அப்பால் இருக்கும் நேரம்

83 கலவரத்துக்குப் பிறகு இங்கு வந்து சேர்ந்தவர்கள் இப்போது ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருக்கிறார்கள். தெற்காசியர்களுக்கு நீரிழிவு மற்றவர்களைவிட இள வயதிலும், குறைந்த உடல் எடையிலும் வருகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. அதனோடு குசினி வேலை சேர்கிறது. பத்து மணித்தியாலம் நிற்பது, நள்ளிரவில் சாப்பிடுவது, கடைசி இரயிலைப் பிடிக்க ஓடுவது. ஐம்பது வயதில் முழங்கால், முதுகு, சர்க்கரை, அழுத்தம் என்று ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கின்றன.

பிரான்சில் நீண்டகால நோய்களுக்கு ஆ.எல்.டே. என்ற ஏற்பாடு உண்டு. அதற்கென ஒரு நோய்ப் பட்டியல் உண்டு. நீரிழிவு, கடுமையான சிறுநீரக நோய், கடுமையான முடக்குவாதம், பார்க்கின்சன் நோய் ஆகியவை அதில் அடங்கும். உயர் இரத்த அழுத்தம் தனி நோயாக அந்தப் பட்டியலில் இருந்து 2011இல் நீக்கப்பட்டது. குடும்ப வைத்தியர் விண்ணப்பித்து ஏற்கப்பட்டால், அந்த நோய்க்கான சிகிச்சைச் செலவு நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தின்படி நூறு வீதம் ஏற்கப்படும்.

மருந்துக்கு வழி இருக்கிறது. மருந்து எடுத்த பிறகு இருக்கும் நேரத்துக்கு என்ன வழி? எங்கள் மூத்தவரின் கணக்கைப் பாருங்கள். கிழமைக்கு 12 மணித்தியாலம் இயந்திரத்தோடு. வருடத்துக்கு 624 மணித்தியாலம். போய்வரும் நேரத்தையும், வந்து களைத்துப் படுக்கும் நேரத்தையும் சேர்த்தால் அது இரு மடங்குக்கு மேல் போகும். அப்படியிருந்தும் கிழமையின் 168 மணித்தியாலத்தில் பெரும்பகுதி அவரிடமே இருக்கிறது. முன்பு அந்த நேரத்தை வேலை நிரப்பியது. இப்போது தொலைக்காட்சியும் கூரையும்தான். ஊரில் என்றால் வேலியடியில் நின்று கதைக்க ஒருவராவது வருவார். இங்கே ஆறாம் மாடியில் கதவைத் தட்ட ஆளில்லை. எங்கள் தலைமுறை உடம்பை வேலைக்கான சாமானாகவே பார்த்துப் பழகியது. வேலை நின்றதும் தானும் முடிந்துவிட்டதாக நினைப்பவர்களை எங்களைச் சுற்றி நிறையப் பார்க்கிறோம். ஆகவேதான் கடதாசியையும் கரம் பலகையையும் தையலையும் சில்லறை விடயமாக நாங்கள் நினைக்கவில்லை.

சக்திக்கு ஒரு வரவுசெலவுத் திட்டம்

கிறிஸ்டீன் மிசெரான்டினோ என்ற அமெரிக்கப் பெண் லூப்பஸ் நோயோடு வாழ்பவர். தன் களைப்பைத் தோழிக்கு விளங்கப்படுத்த, உணவகமொன்றில் மேசைகளில் இருந்த கரண்டிகளைச் சேர்த்து அவள் கையில் கொடுத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு கரண்டிதான். குளிக்க ஒன்று, உடுக்க ஒன்று, சமைக்க ஒன்று என்று திருப்பி வாங்கினார். இரவுச் சாப்பாட்டு நேரம் வந்தபோது ஒரே ஒரு கரண்டிதான் மிஞ்சியது. 2003இல் அவர் எழுதிய இந்த விளக்கம் இன்று உலகெங்கும் நோயாளிகள் பயன்படுத்தும் பேச்சாகிவிட்டது.

கணக்காளருக்கு இது நன்றாகவே விளங்கும். சுகதேகிக்கு வங்கியில் மேலதிகப்பற்று வசதி இருக்கிறது. இன்று கூடச் செலவழித்து நாளை ஈடுசெய்யலாம். நாட்பட்ட நோயாளிக்கு அந்த வசதி குறைவு, வட்டியும் கடுமை. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம் தைத்தால் அடுத்த மூன்று நாள் கையைத் தூக்க முடியாது. பிறகு "தையல் எனக்கு ஒத்துவராது" என்று இயந்திரத்தை மூடிவைத்துவிடுவோம். பிழை தையலில் இல்லை, ஐந்து மணித்தியாலத்தில் இருக்கிறது.

இரண்டு கிழமைக்கு ஒரு சின்னக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். என்ன செய்தோம், எத்தனை நிமிடம், அன்றிரவு எப்படி இருந்தது, மறுநாள் காலை எப்படி இருந்தது என்ற நாலு நிரல் போதும். எந்த நேரம் உடம்பு ஒத்துழைக்கிறது, எவ்வளவு செய்தால் மறுநாள் தண்டனை இல்லை என்பது அதில் தெரிந்துவிடும். முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் காலையில் விரல்கள் விறைத்திருக்கும். அவர்களுக்கு 11 மணிக்குப் பிறகு நல்லது. இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்கள் பலருக்கு அன்றைய மாலை வீண், மறுநாள் நல்லது. அளவு தெரிந்த பிறகு, நல்ல நாளிலும் அதைத் தாண்டாமல் நிறுத்திப் பழக வேண்டும். இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு என்று மணி வைத்துச் செய்வது முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் அப்படிச் செய்பவர்கள் வருடம் முழுவதும் செய்கிறார்கள்.

கருவியை மாற்றுதல்

304இல் ஆளுக்கு எட்டுத் தாள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. ஒரு சாதிக்கு 76. நாலு சாதிக்கு 304. இந்தக் கணக்கு தலையில் நடப்பது. கைக்கு இருக்கும் வேலை, எட்டுத் தாளை விசிறிபோலப் பிடிப்பது மட்டும்தான். விரல் மூட்டு வீங்கியவருக்கும் ஒரு கை மட்டும் வசதியாக உள்ளவருக்கும் அதுதான் முடியாத வேலை. அதற்காக ஆட்டத்தையே விடுவது, கைப்பிடி உடைந்ததற்காகக் கதவையே கழற்றி எறிவதுபோல. ஒரு சாண் நீள மரத்துண்டில் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டால் தாள்கள் நிமிர்ந்து நிற்கும். அதுவும் வேண்டாமென்றால், மேசையில் ஒரு தலைமயிர்த் தூரிகையை முள் மேலே பார்க்க வைத்து, முட்களுக்கு இடையில் தாள்களைச் செருகலாம். கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்துத் தாள்கள் கடைகளில் உண்டு.

கரம் விளையாட்டில் சிக்கல் விரல் சுண்டலில் இருக்கிறது. 29 அங்குலச் சதுரத்தைத் தாண்டி அடிக்க வேண்டியிருப்பதால் மூட்டில் அதிர்ச்சி விழும். பலகையை நன்றாகத் துடைத்து மாப் போட்டால் காய் வழுக்கி ஓடும், பாதி வேகம் போதும். சுண்டாமல் விரலின் பக்கத்தால் தள்ளி அடிக்கவும் பழகலாம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது போட்டி விதி. வீட்டு விளையாட்டில் விரலுக்கு எது இலகுவோ அது. முக்காலியில் குந்தி ஆடுவதைவிடக் கைபிடியுள்ள கதிரை நல்லது. ஆடுபவர் கதிரையை நகர்த்தக் கூடாது என்ற விதியையும் வீட்டில் தளர்த்திவிடலாம்.

தையலுக்கு வருவோம். எங்களில் ஒரு அக்கா சட்டை தைத்தே பிள்ளைகளைப் படிப்பித்தவர். முடக்குவாதம் வந்ததும் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. தானாக விரியும் வில்லுக் கத்தரிக்கோல், ஊசிக்கு நூல் கோக்கும் சின்னக் கருவி, கைப்பிடிகளைத் தடிப்பாக்க நுரைக் குழாய் என்று மூன்றை மாற்றினார். நுரைக் குழாய் என்பது தண்ணீர்க் குழாய்க்குக் குளிர் காப்பாகப் போடுவதுதான். கட்டடச் சாமான் கடைகளில் மீற்றர் கணக்கில் மலிவாகக் கிடைக்கும். பேனை, தூரிகை, குறோசே ஊசி எல்லாவற்றுக்கும் வெட்டிப் போடலாம். மெல்லியதை இறுக்கிப் பிடிப்பதைவிடத் தடித்ததைத் தளர்வாகப் பிடிப்பது மூட்டுக்கு நோவு குறைவு. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தையல் மிதியின் அழுத்தம் தெரியாது. கையால் அழுத்தும் பொத்தானில் ஓடும் இயந்திரங்கள் இருக்கின்றன.

நீரிழிவுக்காரர் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. பல்கனியில் மிளகாயும் புதினாவும் வளர்ப்பவர்கள், சிறு தோட்டத் துண்டு எடுத்திருப்பவர்கள், வெறுங்காலோடு மண்ணில் நிற்கக் கூடாது. உணர்ச்சியில்லாத காலில் பட்ட காயம் தெரியாமலே புண்ணாகும். இன்சுலின் போடுபவர்கள் விளையாட்டு ருசியில் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. கண் திடீரென மங்கினால், கண்முன் கரும்புள்ளிகள் பறந்தால், பெரிய கண்ணாடி வாங்குவது வழியல்ல. உடனே கண் வைத்தியர்.

கோலத்துக்கு வாசல் வேண்டும், குனிய வேண்டும். அடுக்குமாடியில் வாசலும் இல்லை, முழங்காலும் இல்லை. கறுப்பு வர்ணம் பூசிய ஒரு பலகையை மேசையில் வைத்து வெண்கட்டியால் போடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். மிருதங்கக்காரர் சப்பாணி கட்ட முடியாவிட்டால், கதிரையில் இருந்து தாங்கி ஒன்றில் வைத்து வாசிக்கலாம். "கீழே இருந்து வாசிக்காவிட்டால் அது முறையில்லை" என்று சொல்பவர்கள் வரத்தான் செய்வார்கள். வாத்தியத்தை மூடி வைப்பது மட்டும் எந்த முறையில் சேர்த்தி?

பாரிஸ் கண்ட இரண்டு நோயாளிகள்

நாங்கள் வாழும் நாட்டின் மிகப் பெரிய ஓவியர்களில் இருவர் நாட்பட்ட நோயாளிகள். ரெனுவாருக்கு ஐம்பது வயதளவில் முடக்குவாதம் தொடங்கியது. 1907இல் தெற்கே கான் சூர் மேர் என்ற ஊரில் நிலம் வாங்கிக் குடியேறினார். கடைசி வருடங்களில் சக்கரக் கதிரையில் இருந்தார், விரல்கள் உள்ளே மடங்கிவிட்டன. தூரிகையைக் கையில் கட்டினார்கள் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் தோல் புண்ணாகாமல் இருக்கத்தான் துணி சுற்றினார்கள். தூரிகையை யாராவது எடுத்து அவர் விரல்களுக்கு இடையில் வைத்துவிடுவார்கள். பெரிய துணியில் தீட்ட, கைக்கு எட்டும் இடத்துக்கு அதைச் சுருட்டி நகர்த்தும் அமைப்பு ஒன்றையும் செய்துகொண்டார். 1919இல் இறக்கும்வரை தீட்டினார். அந்தக் கடைசிக் காலத்துப் பெரிய ஓவியமான 'குளிக்கும் பெண்கள்' ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே நுழைவு இலவசம். முன்பதிவு செய்ய வேண்டும்.

அவருக்குச் சிற்பம் செய்யவும் ஆசை. கை விடாது. ரிஷார் கினோ என்ற இளம் சிற்பி, 1913 முதல் சில ஆண்டுகள், அவர் சொல்லச் சொல்லக் களிமண்ணில் வனைந்தார். சிற்பங்கள் ரெனுவாரின் பெயரில் போயின. பல வருடங்களுக்குப் பின் வழக்கு நடந்து, 1973இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் கினோவும் இணை ஆக்குநரே என்று தீர்த்தது. மேலே சொன்ன அக்கா இப்போது வெட்டுக்கணக்கும் வடிவமும் சொல்ல, மகள் தைக்கிறாள். அக்காவுக்கு ஒன்று சொன்னோம்: யாராவது சட்டையைப் பாராட்டினால் மகளின் பெயரையும் சொல்லுங்கள். உதவும் கைக்கும் பெயர் உண்டு.

மத்திஸ் 1941இல் குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். பிறகு நெடுநேரம் நின்று தீட்ட முடியவில்லை. கட்டிலும் சக்கரக் கதிரையும்தான். உதவியாளர்கள் தாள்களுக்கு வர்ணம் பூசிக் கொடுக்க, கத்தரிக்கோலால் வெட்டி உருவம் செய்தார். அவர் சொல்லும் இடத்தில் அவற்றைச் சுவரில் குத்தினார்கள். 1947இல் வெளியான 'ஜாஸ்' என்ற நூல் அப்படிப் பிறந்தது. 1951இல் திறக்கப்பட்ட வான்ஸ் நகரத் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளையும் வெட்டிய தாள்களைக் கொண்டே திட்டமிட்டார். கத்தரிக்கோலையும் தாளையும் அவர் கையில் கொடுத்தது நோய். அந்த வேலையைத் தன் பழைய ஓவியத்துக்கு ஒரு படி குறைவானது என்று அவர் எண்ணவில்லை. அடுத்த கட்டமாகவே கொண்டார்.

எங்கள் பக்கத்திலும் ஆட்கள் உண்டு. திருச்சியைச் சேர்ந்த ஜெனிதா ஆன்டோ சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். சக்கரக் கதிரையில் இருந்தபடி சதுரங்கம் பழகி, உடற்குறையுள்ளோருக்கான உலகப் போட்டியில் பெண்கள் பட்டத்தைப் பல முறை வென்றவர். காயை நகர்த்தக் கை விடாத ஆட்டக்காரருக்கு, அவர் சொல்ல நகர்த்தும் உதவியாளரை அனுமதிப்பது சர்வதேசச் சதுரங்க விதிகளிலேயே இருக்கிறது.

பிள்ளைகளின் கேம்

ஞாயிறுக்கு மாற்றச் சொன்ன பெடியனுக்கு எட்டு வயதிலிருந்து மூட்டழற்சி. அவனுடைய தகப்பன் வருடக்கணக்காக எங்களிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "எந்நேரமும் அந்தப் பெட்டிக்கு முன்னாலைதான். வருத்தக்காரன் எண்டு பேசவும் ஏலாது." நாங்களும் தலையாட்டுவோம். ஒரு நாளாவது அந்த அறைக்குள் போய் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்ததில்லை.

பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்தக் கட்டுரையில் நாங்கள் எழுதும் அத்தனையையும் அவன் முன்னமே செய்துவிட்டான் என்று. விரல் நுனியால் இழுக்க வேண்டிய பொத்தான்களின் வேலையைப் பெரிய பொத்தான்களுக்கு மாற்றியிருந்தான். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதை ஒருமுறை தட்டினால் போதும் என்று அமைத்திருந்தான். கைப்பிடியைத் தூக்கிப் பிடிக்காமல் மடியில் தலையணை வைத்து அதன்மேல் வைத்திருந்தான். நோ கூடிய நாட்களில் வேகமான ஆட்டங்களை விட்டு, முறை வைத்து ஆடுபவற்றை எடுத்தான். நாற்பது நிமிடத்துக்கு மணி வைத்திருந்தான். இவற்றில் எதற்கும் காசு போகவில்லை. எல்லாம் கேமின் அமைப்புப் பக்கத்தில் இருந்தவை. 2020இல் வந்த 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் இப்படியான அமைப்புகள் 60க்கு மேல் இருந்தன.

அமைப்புகள் போதாதவர்களுக்கு விசேட கைப்பிடிகள் உண்டு. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2018இல் எக்ஸ்பொக்ஸ் அடாப்டிவ் கொன்ட்ரோலரை வெளியிட்டது. இரண்டு பெரிய பொத்தான்களும், பின்னால் வெவ்வேறு ஆளிகளைச் செருக 19 துளைகளும் கொண்டது. காலால், முழங்கையால், தலையால் அழுத்தும் ஆளிகளை அவரவர் தேவைக்கேற்பச் செருகலாம். சோனியின் அக்சஸ் கொன்ட்ரோலர் 2023 டிசம்பரில் வந்தது. கணக்காளராக ஓர் எச்சரிக்கை: கைப்பிடியின் விலை ஒன்று, செருகும் ஆளிகளின் விலை வேறு, எல்லாம் சேர்ந்தால் பெரிய தொகை. முதலில் இலவச அமைப்புகள், பிறகு தலையணையும் நுரைக் குழாயும், அதற்குப் பிறகுதான் கடை. பிரான்சில் காப்கேம் என்ற சங்கம் இந்தத் துறையில் வேலை செய்கிறது. வாங்குமுன் இத்தகையவர்களிடம் கேளுங்கள்.

எக்ஸ்பொக்ஸில் 2017இலிருந்து இன்னொரு வசதி உண்டு. இரண்டு கைப்பிடிகளை இணைத்தால் அவை ஒன்றாகவே இயங்கும். ஒருவர் நடக்க வைக்க, மற்றவர் அடிக்கலாம். பெடியன் தகப்பனைப் பக்கத்தில் இருத்தி இரண்டாவது கைப்பிடியைக் கொடுத்தான். மனுசன் முதல் நாள் பத்து நிமிடத்தில் எழும்பிவிட்டார். இப்போது செவ்வாய் இரவுகளில் இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். முறைப்பாடு நின்றுவிட்டது.

நோர்வேயில் மாற்ஸ் ஸ்தேன் என்று ஓர் இளைஞர் இருந்தார். எங்கள் ஊரின் பெயர் போலவே ஒலிக்கும் பெயர். தசைகள் படிப்படியாக அழியும் டூஷென் நோய். வீட்டில் பெரும்பாலான நேரம் கேமோடுதான் இருந்தார். 2014இல் 25 வயதில் இறந்தார். நண்பர்களோ காதலோ இல்லாமல் பிள்ளை போய்விட்டானே என்றுதான் பெற்றோர் துயரப்பட்டார்கள். மகன் இறந்த செய்தியை இணையத்தில் எழுதியபோது, பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 'வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்' என்ற கேமில் இபெலின் என்ற பெயரில் அவர் வருடக்கணக்காகப் பழகியவர்கள், தங்கள் குடும்பச் சிக்கல்களில் அவர் தந்த ஆறுதலைப் பற்றி எழுதியிருந்தார்கள். சிலர் நாடு கடந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அவரைப் பற்றிய விவரணப் படம் 2024இல் வெளிவந்தது. பெற்றோருக்கு நாங்கள் சொல்வது, பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அந்த அறைக்குள் போய்ப் பாருங்கள் என்பதே.

எல்லாக் கேமும் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. நித்திரையைத் தின்னும் ஆட்டம் நோயைக் கூட்டும். காசு வைத்து ஆடும் இணையச் சூதும் குதிரைப் பந்தயமும் இந்தக் கட்டுரையில் சேர்த்தியே இல்லை. வேலை இழந்து தனிமையில் இருப்பவரை அவை முதலில் பிடிக்கும்.

காகித வேலைகள்

சுகயீன லீவில் இருப்பவர்கள் விளையாட்டுக்கோ கலை நிகழ்ச்சிக்கோ போகப் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. வைத்தியர் வெளியே போவதைக் கட்டுப்பாடின்றி அனுமதிக்காவிட்டால், காலை 9 முதல் 11 வரையும் பிற்பகல் 2 முதல் 4 வரையும் வீட்டில் இருக்க வேண்டும். வைத்தியர் அனுமதிக்காத செயல்களில் ஈடுபட்டால் நாளாந்தக் கொடுப்பனவைத் திருப்பிக் கேட்கலாம். விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டதற்காக அப்படித் திருப்பிக் கட்ட வேண்டிவந்த வழக்குகள் உண்டு. வழி இலகுவானது: எந்தப் பொழுதுபோக்கு, கிழமைக்கு எத்தனை தரம் என்று வைத்தியரிடம் சொல்லி, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2017 மார்ச் 1 முதல், ஆ.எல்.டே. நோயாளிகளுக்கு உடலுக்கேற்ற உடற்பயிற்சியை வைத்தியர் மருந்துச் சீட்டில் எழுதலாம். பணத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதி பொதுவாகத் திருப்பித் தராது; சில நகரசபைகளும் மேலதிகக் காப்புறுதிகளும் உதவுகின்றன.

கைகால் பயன்பாட்டைச் சொல்லித்தருபவர் எர்கோதெராப்பூட். கத்தரிக்கோல் பிடிப்பது முதல் கேம் கைப்பிடி வரை அவரிடம் கேட்கலாம். வெளியே தனியாகப் போனால் பொதுவாகக் காசு திரும்பாது. வைத்தியசாலையிலோ புனர்வாழ்வு நிலையத்திலோ சிகிச்சையின் ஒரு பகுதியாகச் சந்திக்கலாம். ஆகவே அங்கே இருக்கும்போதே கேளுங்கள். "சாப்பிட, உடுக்க முடிகிறதா" என்று அவர் கேட்கும்போது, "முடிகிறது, ஆனால் வயலின் பிடிக்க முடியவில்லை" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

2005 பெப்ரவரி 11ஆம் திகதிச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் எம்.டே.பே.ஆஷ். அலுவலகத்தை உருவாக்கியது. எங்கள் 93ஆம் மாவட்டத்துக்கு அது பொபினியில் இருக்கிறது. அங்கே கோரக்கூடிய பே.சே.ஆஷ். என்ற கொடுப்பனவில் உபகரண உதவியும் அடங்கும். அன்றாட வாழ்வில் கடுமையான இயலாமை இருப்பதைக் காட்ட வேண்டும். பொழுதுபோக்குக்காக மட்டும் கிடைக்காது. முக்கியமானது வயது. பொதுவாக 60 வயதுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். 60க்கு முன்பே தகுதி இருந்ததை நிறுவினால் பின்னரும் கேட்கலாம், ஆனால் நிறுவுவது பெரும்பாடு. ஐம்பதுகளில் இருக்கும் எங்கள் ஆட்கள் "பிறகு பார்ப்பம்" என்று தள்ளிப்போடுவதில் இழப்பது இதைத்தான்.

மேசையைச் சுற்றி இருப்பவர்கள்

எல்லாவற்றையும் நோயாளியின் தலையில் போட்டுவிட முடியாது. எங்கள் மேசையில் மாறியவை சில சின்ன விடயங்கள். நாள் ஞாயிறு பிற்பகல் ஆனது. ஐந்து மணித்தியாலம் இரண்டாகக் குறைந்தது. புதிதாக வந்தவரை அனுப்பவில்லை. ஐந்து பேர் முறை மாறி ஆடுகிறோம், களைத்தவர் எழும்பிப் படுக்கலாம். மூத்தவர் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. உப்பு மிக்சர் தாகத்தைக் கூட்டும். ஆகவே மிக்சர் நின்றது, பிளேன்ரீ எல்லோருக்கும் சின்னக் கோப்பையில் வருகிறது. அவருக்கு மட்டும் சின்னக் கோப்பை கொடுத்திருந்தால் அடுத்த கிழமை அவர் வந்திருக்க மாட்டார்.

சுத்திகரிப்பு நடக்கும்போது ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. மற்றக் கை சும்மாதான் இருக்கும். பெடியன் அவருக்குத் தொலைபேசித் தாங்கி ஒன்று வாங்கிக் கொடுத்து, புதன்கிழமைகளில் ஒரு விரலால் சதுரங்கம் ஆட வைக்கிறான். அந்த நாலு மணித்தியாலம் இப்போது கொஞ்சம் வேகமாகப் போகிறதாம். பெடியன்தான் அதிகம் வெல்கிறான் என்பது மட்டும் மூத்தவருக்குக் குறை.

எங்கள் சங்கங்களும் கழகங்களும் வருடந்தோறும் விளையாட்டு விழாக்கள், கரம் போட்டிகள், கலைமாலைகள் நடத்துகின்றன. பிரமுகர்களுக்கு முன்வரிசையில் கதிரை போடுகிறோம். நோயோடு வரும் ஆட்டக்காரருக்குக் கைபிடியுள்ள ஒரு கதிரை, நடுவில் ஓய்வு, மருந்து எடுக்க ஓர் இடம், மாடி ஏற முடியாதவர்களுக்குக் கீழ்த்தள மண்டபம் ஆகியவற்றையும் திட்டத்தில் எழுதிவிட்டால் பெரிய செலவு வராது. மண்டபம் பதிவுசெய்யும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும்போது, "அவரை இப்ப காணக் கிடைக்கிறதில்லை" என்று யாரையாவது பற்றிக் கதைப்போம். அடுத்த முறை அப்படிக் கதைக்கும்போது, அவரையே தொலைபேசியில் எடுத்து எந்த நாள், எந்த நேரம் அவருக்கு வசதி என்று கேளுங்கள். நாங்கள் கேட்க மூன்று மாதம் பிந்திவிட்டோம்.